இரண்டாம் முறை வைத்த கை



இன்று காலை கப்பலைவிட்டு அந்தமானின் இந்த ஹேவ்லாக் தீவு ஜெட்டியில் இறங்கி நடக்கும்போது, சீருடையில் போய்க்கொண்டிருந்த ஒரு சிறுமி நின்று, கையிலிருந்த பூங்கொத்திலிருந்து ஒரு பூவை உருவி என்னிடம் நீட்டினாள். "ஹேப்பி டீச்சர்ஸ் டே ஃபாதர்." நான் இப்போது வாத்தியார் இல்லையே என்றேன். "பரவாயில்ல, வச்சுக்கோங்க" என்று சொல்லிவிட்டு ஓடிவிட்டாள். அந்தப் பூவைப் பீடத்தின் ஓரத்தில் வைத்துவிட்டுத்தான் இந்தத் திருப்பலியைத் தொடங்கினேன். அதை வாங்க எனக்குத் தகுதி உண்டா என்று பகல் முழுவதும் யோசித்துக்கொண்டிருந்தேன். ஏன் என்று சொல்கிறேன்.

நானும் ஒரு காலத்தில் ஆசிரியனாக இருந்தவன். குருமாணவனாக இருந்தபோது ஓராண்டுக் களப்பணிக்காக மெயின்லேண்டில் ஒரு கடற்கரை ஊருக்கு அனுப்பினார்கள். அங்கே ஆறாம் வகுப்புக்குக் கணக்குப் பாடம் எடுத்தேன். கடைசி பெஞ்சில் ஒரு பையன். வகுப்பிலேயே உயரமானவன் என்பதால் பின்னால் உட்கார வைத்திருந்தோம். பலகையில் 38 என்று எழுதினால் அவன் நோட்டில் 33 இருக்கும். கூட்டல் குறி கழித்தலாகிவிடும். முதலில் கவனக்குறைவு என்று திட்டினேன். பிறகு அவன் பக்கத்துப் பையனின் நோட்டைப் பார்த்து எழுதத் தொடங்கினான். பக்கத்துப் பையன் செய்த தப்பெல்லாம் இவன் நோட்டிலும் வந்தது. காப்பியடிக்கிறான் என்று பெஞ்சின் மேல் ஏற்றி நிற்க வைத்தேன். ஒரு நாள் இல்லை, பல நாள். அவனுடைய அம்மாவை வரச் சொன்னேன். மீன் கூடையை வாசலில் இறக்கி வைத்துவிட்டு உள்ளே வந்த அந்தத் தாய், நம் ஊர்த் தாய்மார் காலங்காலமாகச் சொல்லும் அதே வார்த்தையைச் சொன்னார்: "கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க பிரதர்."

அரையாண்டுத் தேர்வு முடிந்த பிறகு பள்ளியில் ஒரு கண் பரிசோதனை முகாம் நடந்தது. சுவரில் மாட்டிய அட்டையில் எல்லாவற்றுக்கும் மேலே இருக்கும் பெரிய எழுத்தைத் தவிர அவனால் எதையும் படிக்க முடியவில்லை. பரிசோதித்த அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. கண்ணை மட்டும் விட்டுவிடுங்கள் என்று ஒரு தாய் கேட்டுக்கொண்டாரே, அந்தக் கண்ணைத்தான் ஆறு மாதம் நான் பார்க்கவே இல்லை.

சகோதர சகோதரிகளே, இன்றைக்கு வாசித்த நற்செய்தியை நான் தேர்ந்தெடுத்ததற்கு அந்தப் பையன்தான் காரணம். மாற்கு எட்டாம் அதிகாரம். பெத்சாய்தாவில் பார்வையற்ற ஒருவரை இயேசுவிடம் கொண்டு வருகிறார்கள். நான்கு நற்செய்திகளில் மாற்கு மட்டுமே சொல்லும் நிகழ்ச்சி இது. இயேசு செய்த குணமாக்குதல்களில் இரண்டு படியாக நடந்ததும் இது ஒன்றுதான். பெரும்பாலான இடங்களில் ஒரு சொல் சொன்னார், அல்லது தொட்டார், நடந்தது. இங்கே கை வைக்கிறார், அரைகுறையாகத்தான் தெரிகிறது. மறுபடி கை வைக்கிறார்; அப்போதுதான் முழுதாகத் தெரிகிறது.

அந்த இரண்டு தொடுதலுக்கும் நடுவில் ஒரு கேள்வி இருக்கிறது. ஏதாவது தெரிகிறதா என்று இயேசு கேட்கிறார். அந்த மனிதர் பொய் சொல்லவில்லை. மனிதர்கள் தெரிகிறார்கள், ஆனால் நடமாடும் மரங்களைப் போலத் தெரிகிறார்கள் என்கிறார். எத்தனை துணிச்சலான பதில்! ஊரே போற்றும் போதகர் கை வைத்திருக்கிறார். நன்றாகத் தெரிகிறது ஆண்டவரே, ரொம்ப நன்றி என்று சொல்லிவிட்டுத் தடவித் தடவி வீடு போய்ச் சேர்ந்திருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. இவரிடம் உண்மையைச் சொன்னால் கோபித்துக்கொள்ள மாட்டார் என்று அவருக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது.

நம் வகுப்பறைகளை நினைத்துப் பாருங்கள். பாடம் முடிந்ததும் நாம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "புரிஞ்சுதா?" நாற்பது குரலும் ஒன்றாகப் பாடும்: "புரிஞ்சுது சார்!" அந்தக் கோரஸில் எத்தனை பிள்ளைகளுக்கு மரங்கள் நடந்துகொண்டிருக்கின்றன? என் கடைசி பெஞ்சுப் பையனும் அந்தக் கோரஸில் பாடியவன்தான். எழுந்து நின்று "எனக்குப் போர்டே தெரியல" என்று அவனால் சொல்ல முடியவில்லை. அதை அவனுடைய கோழைத்தனம் என்று நான் எண்ணவில்லை. உண்மையைச் சொல்லும் அளவுக்கு அவனுக்கு என்மேல் நம்பிக்கை வரவில்லை, நான் வரவிடவில்லை.

கற்பவர் உண்மையைச் சொல்ல முடிவது எத்தனை முக்கியம் என்று இந்தத் தீவில் இருப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டிய தேவையே இல்லை. உங்களில் சிலருடைய பிள்ளைகள் டைவிங் கற்றுக்கொடுக்கிறார்கள். கடலைப் பற்றி ஒன்றும் தெரியாத ஆட்களை, நீச்சல் கூடத் தெரியாதவர்களை, தினமும் தண்ணீருக்கு அடியில் கூட்டிக்கொண்டு போய்ப் பத்திரமாகத் திருப்பிக் கொண்டு வருகிறார்கள். ஒரு தம்பி எனக்கு விளக்கினார். "தண்ணிக்குள்ள பேச முடியாது ஃபாதர். அதனால கரையிலயே கை சாடை சொல்லிக் கொடுத்துடுவோம். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வளையமாச் சேர்த்துக் காட்டினா நல்லா இருக்கேன்னு அர்த்தம். கையை விரிச்சு இப்படி அப்படி ஆட்டினா ஏதோ சரியில்ல. ஆட்டிட்டுக் காதைக் காட்டினா காது வலிக்குதுன்னு அர்த்தம்." பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் கரையில் இருப்பதைப் போல இரண்டு மடங்காகிவிடுகிறது. முதலில் வலிப்பது காதுதான். மூக்கைப் பிடித்துக்கொண்டு மெல்ல ஊதி அழுத்தத்தைச் சமன் செய்ய வேண்டும். சிலருக்கு உடனே வரும், சிலருக்கு வராது. வராதவரைக் கீழே இழுத்தால் செவிப்பறை கிழிந்துவிடக்கூடும்.

வராதவரை என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "கொஞ்சம் மேல கூட்டிட்டுப் போவோம். நிப்போம். மறுபடி ஊதச் சொல்வோம். சரியானதும் திரும்பக் கீழ போவோம்." எத்தனை முறை? "அவங்களுக்கு வர்ற வரைக்கும் ஃபாதர்." அந்தத் தம்பி பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். கற்பித்தல் பற்றி நான் படித்த எந்தப் பாடநூலும் இதைவிடத் தெளிவாக எனக்குச் சொன்னதில்லை. அவர் ஒவ்வொரு நிமிடமும் விரலை வளைத்து, நன்றாக இருக்கிறாயா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். பதில் சாடை வரும்வரை அடுத்த அடி இறங்குவதில்லை. காது வலிக்கிறது என்று காட்டுகிறவரை அவர் முட்டாள் என்று நினைப்பதில்லை. சொன்னதே நல்லதாயிற்று என்றுதான் நினைக்கிறார்.

நற்செய்தியில் இன்னொரு சிறிய செய்தியும் இருக்கிறது. நாம் அதைக் கவனிக்காமல் தாண்டிப் போய்விடுகிறோம். இயேசு அந்த மனிதரின் கையைப் பிடித்து முதலில் ஊருக்கு வெளியே அழைத்துக்கொண்டு போகிறார். சந்தை நடுவில் நிறுத்தி எல்லாரும் பார்க்கக் கேள்வி கேட்கவில்லை. அரைகுறையாகத் தெரியும் அந்த நேரம் ஒரு மனிதனுக்கு எத்தனை வெட்கமான நேரம் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். நான் என்ன செய்தேன்? பெஞ்சின் மேல் ஏற்றி நாற்பது பேர் பார்க்க நிறுத்தினேன். 2009-இல் வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, பிள்ளைகளை அடிப்பதை மட்டும் தடை செய்யவில்லை. மனத்தைப் புண்படுத்துவதையும் தடை செய்கிறது. சட்டத்துக்குப் பயந்து பிரம்பை உள்ளே வைத்துவிட்டோம். நாக்கு வெளியேதான் இருக்கிறது. "உங்க அண்ணன் எப்படிப் படிச்சான், நீ ஏன் இப்படி?" என்ற ஒரு வாக்கியம் போதும், பிள்ளை ஐம்பது வயதிலும் அதை மறக்காது. திட்ட வேண்டியிருந்தால், ஆசிரியர்களே, ஊருக்கு வெளியே கூட்டிக்கொண்டு போய்த் திட்டுங்கள். கையைப் பிடித்துக்கொண்டு போங்கள்.

இங்கே ஒரு தவறான எண்ணத்தையும் எடுத்துவிட வேண்டும். பரிவு என்றால் விட்டுக்கொடுப்பது, பாவம் பிள்ளை என்று மதிப்பெண்ணைப் போட்டு மேலே ஏற்றிவிடுவது என்று சிலர் நினைக்கிறார்கள். இயேசு அப்படிச் செய்யவில்லையே! பிறவியிலோ நோயிலோ பார்வை போன ஒருவருக்கு மனிதர்கள் மரமாகவாவது தெரிகிறார்கள். நேற்றைக்கு இது எவ்வளவோ மேல் என்று அனுப்பிவிடவில்லை. முழுதாகத் தெரியும்வரை விடவில்லை. எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாத பிள்ளையை எட்டாம் வகுப்புவரை ஏற்றி அனுப்புவது இரக்கம் அல்ல. மரங்களுக்கு நடுவில் கொண்டுபோய்த் தனியாக விட்டுவிட்டு வருவது. அதே பிள்ளையைத் தோற்கடித்து, நீ இங்கேயே கிட என்று உட்கார வைப்பதும் அதே கைவிடுதல்தான். 2019-இல் அந்தக் கல்வி உரிமைச் சட்டத்தைத் திருத்தினார்கள். ஐந்திலும் எட்டிலும் தேர்ச்சி பெறாத பிள்ளையை நிறுத்தி வைப்பதா வேண்டாமா என்று நாடு முழுவதும் விவாதம் நடந்தது, இன்னும் நடக்கிறது. அந்தக் கூச்சலில் திருத்தத்தின் நடுவில் இருக்கும் ஒரு வரி யார் கண்ணிலும் படவில்லை. தேறாத பிள்ளைக்குக் கூடுதலாகக் கற்பிக்க வேண்டும், முடிவு வந்த இரண்டு மாதத்துக்குள் மறுதேர்வு வைக்க வேண்டும் என்று அது சொல்கிறது. எனக்கு அந்த இரண்டு மாதம்தான் முக்கியம். அது இரண்டாம் முறை கை வைக்கும் நேரம். அந்த நேரத்தில் பிள்ளையின் பக்கத்தில் யார் உட்காருகிறார்கள் என்பதுதான் கேள்வி.

இனி இந்தத் தீவின் வகுப்பறைக்கு வருவோம். ஹேவ்லாக் என்று நாம் கூப்பிடுகிறோம். 2018 டிசம்பரிலிருந்து அரசு ஏட்டில் ஸ்வராஜ் துவீப். 1950களில் கிழக்கு வங்கத்திலிருந்து எல்லாவற்றையும் இழந்து வந்த அகதிக் குடும்பங்களைக் குடியேற்றிய ஊர் இது. குடியிருப்புகளுக்குக் கோவிந்த் நகர், விஜய் நகர், ஷ்யாம் நகர், கிருஷ்ணா நகர், ராதா நகர் என்று பெயர் வைத்தார்கள்; வாயில் என்னவோ மூணாம் நம்பர், ஏழாம் நம்பர் என்றுதான் வருகிறது. பிறகு காடு வெட்ட வந்த ராஞ்சிக்காரர்களின் பிள்ளைகள் வந்தார்கள், கடை வைக்க வந்த தமிழர்கள், தெலுங்கர்கள், இப்போது ரிசார்ட் வேலைக்கு வந்தவர்கள். ஒரே பெஞ்சில் வங்காளம், தமிழ், ராஞ்சிக்காரர்களின் சாத்ரி. மூவரும் விளையாடுவது அந்தமான் இந்தியில். திறந்து வைத்திருக்கும் புத்தகமோ ஆங்கிலத்தில். இந்தப் பிள்ளைகளில் ஒருவன் பேசாமல் இருந்தால், பாடம் தெரியாமல் பேசாமல் இருக்கிறானா, மொழி தெரியாமல் பேசாமல் இருக்கிறானா என்று பிரித்தறிவது சின்ன வேலை இல்லை. மந்தம் என்று நாம் முத்திரை குத்திய எத்தனையோ பிள்ளைகள் வீட்டில் அம்மாவிடம் மூச்சுவிடாமல் பேசுகிறவர்கள்.

ஆசிரியர்களின் பாதுகாவலரான புனித லா சால் முந்நூறு ஆண்டுகளுக்கு முன் பிரான்சில் இதே சிக்கலைப் பார்த்தார். அந்நாளில் பிள்ளைகளுக்கு முதலில் லத்தீனில் படிக்கக் கற்றுக்கொடுப்பதுதான் வழக்கம். ஏழைப் பிள்ளைகள் ஒரு சொல்லும் விளங்காமல் உருப்போட்டுவிட்டுப் பாதியில் நின்றுவிடுவார்கள். அவர் வீட்டில் பேசும் பிரெஞ்சிலேயே வாசிப்பைத் தொடங்கினார். பெரியவர்கள் எதிர்த்தார்கள். அவர் மாற்றிக்கொள்ளவில்லை.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். நம் தீவுகளிலேயே ஒரு தமிழர் இருந்தார். வேதப்பன் சாலமோன். ஆங்கிலிக்கன் திருச்சபையின் உபதேசியார். 19-ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில் கார் நிக்கோபாருக்குப் போய், மூஸ் ஊரில் பள்ளி நடத்தினார். அன்றைக்கு அங்கே போவது என்றால் மலேரியாவுக்கும் தனிமைக்கும் தன்னைக் கொடுப்பது. அவரிடம் படித்த நிக்கோபார்ச் சிறுவர்களில் ஒருவன் ஹா சேவ் கா. அந்தப் பையனிடம் எதையோ பார்த்தார் சாலமோன். மேற்படிப்புக்குப் பர்மாவுக்கு அனுப்ப வழி செய்தார். அவன் திரும்பி வந்து தன் ஊரிலேயே ஆசிரியரானான். அவர்தான் பின்னாளில் ஜான் ரிச்சர்ட்சன். புதிய ஏற்பாட்டைத் தம் மக்களின் மொழியில் பெயர்த்தவர். 1950-இல் ஆயராகத் திருநிலை பெற்றார். 1952-இல் முதல் மக்களவையில் இந்தத் தீவுகளின் உறுப்பினராக உட்கார்ந்தவரும் அவரே. சபை வேறு என்பதால் இந்தப் பெயர்களை நாம் நம் கோயில்களில் சொல்வதில்லை. சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. நம் மொழி பேசிய ஒருவர், தன் மொழி பேசாத ஒரு சிறுவனை உற்றுப் பார்த்ததால் ஒரு தீவுக்கே அதன் மொழியில் புதிய ஏற்பாடு கிடைத்தது.

இன்று நாம் நினைவுகூரும் புனித தெரேசாவை உலகம் சாகிறவர்களின் தாயாகத்தான் அறியும். அதற்கு முன் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அவர் டீச்சர். கொல்கத்தா எண்டாலியில் லொரேட்டோ சபையின் புனித மேரி பள்ளியில் வங்காளத்தில் புவியியலும் வரலாறும் நடத்தினார்; தலைமையாசிரியையாகவும் இருந்தார். பள்ளி மதிலுக்கு அந்தப் பக்கம் மோதிஜில் சேரி. 1948-இல் மடத்தை விட்டு வெளியே வந்தபோது அவர் முதலில் தொடங்கியது ஆசிரமம் அல்ல, மருத்துவமனை அல்ல. அந்தச் சேரியில், திறந்த வெளியில், ஒரு பள்ளி. பலகை இல்லை, பெஞ்சு இல்லை. ஒரு குச்சியை எடுத்து மண்ணில் எழுத்துகளை எழுதிக் காட்டினார். சுற்றிப் பிள்ளைகள் குந்தியிருந்தார்கள். மண்ணில் எழுத வேண்டுமானால் ஆசிரியர் குனிந்தே ஆக வேண்டும். பிள்ளையின் முகத்துக்கு நேராகத் தன் முகம் வர வேண்டும். அதைவிட நல்ல கரும்பலகை எனக்குத் தெரியாது. இந்தத் தீவின் தாத்தா பாட்டிகள் எந்த வங்கத்திலிருந்து ஓடி வந்தார்களோ, அதே பிரிவினையின் அகதிகளால் கொல்கத்தா நிரம்பி வழிந்த நாட்கள் அவை.

ஆசிரியர்களே, நீங்கள் களைத்திருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். குடும்பத்தை ஒரு தீவில் விட்டுவிட்டு இன்னொரு தீவில் வேலை பார்க்கிறீர்கள். கடல் கொந்தளித்தால் கப்பல் ரத்து. பண்டிகைக்கு வீடு போய்ச் சேர முடியாது. தேர்ச்சி விகிதம் குறைந்தால் கேள்வி உங்களுக்கு. இத்தனைக்கு நடுவில் இந்தச் சாமியார் வந்து பரிவு பற்றிப் பேசுகிறாரே என்று உங்களில் ஒருவர் நினைத்தால் நான் வருத்தப்பட மாட்டேன். உங்களுக்காக மாற்கு இரண்டு இடங்களை எழுதி வைத்திருக்கிறார். ஒன்று, இன்றைய பகுதிக்குச் சற்று முன்னால். படகில் இயேசு பாடம் சொல்கிறார். சீடர்கள் அப்பத்தைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டு வேறு எதையோ புரிந்துகொள்கிறார்கள். இன்னுமா உங்களுக்கு விளங்கவில்லை என்று அவரே கேட்டுவிடுகிறார். ஆம், ஆண்டவரும் அந்தக் கேள்வியைக் கேட்டவர்தான். அந்த ஆற்றாமை பாவம் இல்லை. ஆனால் கரை இறங்கியதும் அவர் செய்த முதல் வேலை, ஒருவருடைய கண்ணில் இரண்டு முறை கை வைத்தது.

இன்னொன்று ஆறாம் அதிகாரம். சீடர்கள் சாப்பிடக்கூட நேரமில்லாமல் களைத்திருக்கிறார்கள். ஓய்வெடுக்கலாம் என்று படகில் போகிறார்கள். கரையில் பார்த்தால், அவர்களுக்கு முன்பே கூட்டம் வந்து நிற்கிறது. ஆயன் இல்லாத ஆடுகளைப் போல அவர்களைப் பார்த்ததும் இயேசுவுக்குப் பரிவு பொங்குகிறது. கிரேக்க மூலத்தில் அங்கே இருக்கும் சொல் குடலையும் வயிற்றையும் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்தது. நம் தாய்மார் "பெத்த வயிறு பதறுது" என்பார்களே, அது. அப்படி வயிறு பதறியதும் அவர் என்ன செய்தார்? அப்பம் கொடுத்தார் என்றுதான் நமக்கு நினைவு. அது பிறகு. முதலில் அவர்களுக்குக் கற்பிக்கத் தொடங்கினார் என்று எழுதுகிறார் மாற்கு. இரக்கம் வந்தபோது ஆண்டவர் எடுத்த முதல் வேலை உங்கள் வேலை. முதல் வாசகத்தில் எசாயா சொன்ன துன்புறும் ஊழியரைப் பாருங்கள். களைத்தவரைத் தாங்கும் சொல்லைப் பேச அவருக்கு நாக்கு கிடைத்தது. ஆனால் அதற்காகக் காலைதோறும் அவருடைய காதைத்தான் கடவுள் எழுப்புகிறார். வருகைப் பதிவேட்டைத் திறப்பதற்கு முன், தினமும் அரை நிமிடம், அந்தக் காதை எனக்குக் கொடு என்று கேளுங்கள்.

பெற்றோர்களே, உங்களிடம் ஒன்றே ஒன்று. மதிப்பெண் பட்டியலை வாங்கியதும் அடுத்த வீட்டுப் பிள்ளையின் எண்ணைக் கேட்காதீர்கள். உங்கள் பிள்ளைக்கு எந்த இடத்தில் மரம் நடக்கிறது என்று கேளுங்கள்.

அந்தக் கடற்கரை ஊருக்குத் திரும்பி வந்து முடிக்கிறேன். முகாம் முடிந்து இரண்டு வாரத்தில் கண்ணாடி வந்தது. பழுப்பு நிறத்தில் தடித்த சட்டம். நான்தான் அவனை வகுப்புக்கு வெளியே, வேப்ப மரத்தடிக்கு, கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போனேன். அவனிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றுதான் போனேன். எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. கண்ணாடியை மாட்டிவிட்டேன். அவன் நிமிர்ந்து மரத்தைப் பார்த்தான். வெகு நேரம் பார்த்தான்.

"பிரதர், இலையெல்லாம் தனித்தனியா இருக்கு."

பிறகு என் பக்கம் திரும்பினான். மரத்தைப் பார்த்தது போலவே என்னையும் மெல்ல, மேலிருந்து கீழாகப் பார்த்தான். ஆறு மாதமாக ஒவ்வொரு நாளும் அவன் முன்னால் நின்றிருக்கிறேன். அவன் என் முகத்தைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. அதுவரை அவனுக்கு நான் ஒரு குரல் மட்டுமே.